புல் வேய்ந்த படகு

மன்னிக்க வேண்டும். இந்தக் கோரைக்கட்டின் நுனி உங்கள் முழங்காலைக் குத்துகிறது. இதைச் சன்னல் பக்கமாக நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன். இப்போது சரியா? வெயிலையும் மறைக்கும். மேலே கம்பித்தட்டில் போடச் சொன்னார் நடத்துநர். போட்டால் நுனி மடங்கும். நுனி மடங்கிய கோரை எதற்கும் உதவாது. "பெருசு, மாட்டுக்குப் புல்லா?" என்று கேட்டார். மாட்டுக்கு அன்று, படகுக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புல்லுக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

நான் வேலங்குப்பம் கூட்டுரோட்டில் இறங்க வேண்டும். கூட்டுச்சாலை என்பதே முறை. முறையாகச் சொன்னால் யாரும் இறக்கிவிடுவதில்லை. நீங்கள் எதுவரை? திண்டிவனமா? நல்லது. இந்தத் தடத்தில் அடிக்கடி போகிறவர் என்றால், தம்பி, கூட்டுரோடு வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. பத்தரை மணிக்கு ஜெசிந்தா என்ற பெண் அங்கே வந்து நிற்பாள். அவளும் என்னைப் பார்த்ததில்லை, நானும் அவளைப் பார்த்ததில்லை. மஞ்சள் குடை பிடித்திருப்பேன் என்றாள். கையில் புல் இருக்கும் என்றேன் நான்.

என் பெயர் மெய்கண்டான். நெடுங்கழி உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பின்னும் அதே ஊரில், ஏரிக்கரையில், அதே வீட்டில் இருக்கிறேன். ஜெசிந்தாவின் தந்தையைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன். ஞானமுத்து. எங்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஊரில் டிரில் மாஸ்டர் என்பார்கள். நானும் மாஸ்டர் என்றே அழைத்தேன். எனக்கும் அவருக்கும் ஐம்பத்து நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. தவறு என்மேல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவர் அவர்.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. பள்ளி விட்டால் அறை, அறை விட்டால் பள்ளி. ஆசிரியர் அறை அரட்டையில் நான் கலப்பதில்லை. அங்கே பேசப்பட்ட தமிழ் அப்படி. ஒரு சனிக்கிழமை மாஸ்டர் என் அறை வாசலில் வந்து நின்றார். "புலவரே, சுவத்தைப் பாத்துக்கிட்டு எவ்ளோ நேரம் உக்காருவீங்க? சுவரு என்ன பாடமா ஒப்பிக்குது? ஏரிக்கு வாங்க" என்றார்.

அவருடைய தந்தை பட்டாளத்தில் இருந்தவர். அவரிடமிருந்து வந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாஸ்டரிடம் இருந்தது, உரிமத்துடன். அடி தட்டையான ஒரு படகும் இருந்தது. அப்போது வாத்துச் சுடுவதற்குத் தடை இல்லை. சட்டம் பின்னால் வந்தது. கார்த்திகையில் மழை ஓயும்போது வடக்கிலிருந்து கிளுவை என்னும் சிறு வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் ஏரியில் இறங்கும். பொழுது விடிவதற்குள் படகைக் கோரைக்குள் செருகிவிட்டுக் காத்திருப்பார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சைவன். வாத்தைச் சுட்டதும் இல்லை, உண்டதும் இல்லை. அவர் சுடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். நீரில் விழுந்ததை அவர் எடுத்துப் படகில் போடும்வரை திறக்க மாட்டேன். படகுக்குப் புல் வேய்ந்தது மட்டுமே என் பங்கு. ஆகவே அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? மாஸ்டரும் இப்படித்தான் சிரித்தார்.

படகுக்கு வேஷம் கட்டுவது என்பார் அவர். வேய்தல் என்று நான் திருத்துவேன். முதல் நாள் நான் வேய்ந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கோரையை அறுத்து, ஒரே அளவாகக் கத்தரித்து, விளிம்பைச் சுற்றி ஒரே இடைவெளியில் கட்டினேன். இரட்டைக்கோடு நோட்டில் எழுதியதுபோல இருந்தது. "புலவரே, இது படகா, கல்யாண மேடையா? வாத்து மொய் எழுதிட்டுப் போவும்" என்றார். அன்று ஒரு பறவைகூடப் பக்கத்தில் வரவில்லை.

பிறகு கற்றுக்கொண்டேன். படகு எங்கே நிற்கப்போகிறதோ அந்த இடத்துக் கோரையையே அறுக்க வேண்டும். பத்தடி தள்ளி அறுத்தால் நிறம் வேறாகும். அறுத்த முனை வெள்ளையாகப் பளிச்சிடும். அதில் சேறு பூச வேண்டும். ஒன்று நிமிர, ஒன்று சாய, ஒன்று ஒடிந்து தொங்க வேண்டும். ஒழுங்கில்லாமல் கட்டுவது எளிது என்று நினைக்கிறீர்களா? அதுதான் கடினம். ஒழுங்கின்மை தற்செயலாகத் தெரிய வேண்டும். இரண்டு நாளில் கோரை பழுக்கும். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மாஸ்டர் பழுத்ததன்மேலேயே நான்கு பச்சையைச் செருகிவிட்டுப் போதும் என்பார். நான் விடமாட்டேன். அவர் கட்டியதை அவிழ்த்து, மறுபடி கட்டுவேன். அவர் கரையில் உட்கார்ந்து, பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். "வாத்துக்கு இவ்ளோ நுணுக்கம் தெரியாது புலவரே." வாத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பேன்.

இரண்டு பருவம் அப்படிப் போயின. இரண்டே பருவந்தான். என் எண்பது ஆண்டில் அவை எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

படகுக்குள் ஒரே ஒரு விதி உண்டு. பேசக் கூடாது. அந்த விதியைச் செய்தவன் நான் அல்லன். நீரின்மேல் மூச்சுவிட்டாலே அரை மைல் கேட்கும் என்று சொன்னவர் மாஸ்டர்தான். விதி என்றால் விதி. அதை நான் கடைப்பிடித்தேன். இரண்டாம் பருவத்தில், மார்கழியில், அவரே அதை மீறத் தொடங்கினார். இருட்டுப் பிரிகிற நேரம். துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு, "புலவரே, ஒண்ணு சொல்லணும்" என்றார். உதட்டில் விரல் வைத்தேன். மறுநாளும், "புலவரே, அந்த விஷயம்..." என்றார். விரல் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறந்து மூடினார், ஒலி வரவில்லை. நான் தலையசைத்துப் பாராட்டினேன். கரையில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கரையில் எனக்கு நேரம் ஏது? குளித்து, திருநீறணிந்து, முதல் மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டில் ஒரு நாளும் நான் இரண்டாம் மணிக்குப் போனதில்லை.

என்ன தம்பி, சன்னலைக் காட்டுகிறீர்கள்? ஏரியா? இது ஏரி அன்று, செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம். பொறுங்கள், முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அரையாண்டு விடுமுறை. ஒரு நாள், "இன்னிக்கு நான் வரலை, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்றார். துப்பாக்கி இல்லாமல் போனேன். எனக்குத் துப்பாக்கி எதற்கு? முந்தின நாள் மாலை முழுவதும் படகை வேய்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு வேய்தல் அதற்குமுன் அமைந்ததில்லை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கோரைக்குள் படகைச் செருகி, உள்ளே படுத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தது. கிளுவைகள் இறங்கின. ஒன்று, பத்து, நூறு. கை நீட்டினால் தொடலாம். ஒரு பெட்டை என் முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து, என் கண்ணைப் பார்த்துவிட்டு, இறகைக் கோதிக்கொண்டது. நான் இல்லை என்றே அது முடிவு செய்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்!

அப்போது கரையிலிருந்து குரல் வந்தது. "புலவரே!"

மாஸ்டர். நான் அசையவில்லை.

"புலவரே, எங்க இருக்கீங்க? வண்டி நிக்குது! ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க!"

சோதிக்கிறார் என்று நினைத்தேன். என் வேய்தலுக்கு மதிப்பெண் போட வந்திருக்கிறார். கோரை இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். நல்ல சட்டை போட்டிருந்தார். கண்மேல் கையை வைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அவர் பார்வை இரண்டு முறை என்மேல் பட்டது. பட்டு, நிற்காமல் நகர்ந்தது. தம்பி, அந்தப் படகின் சொந்தக்காரர்! ஐந்து வயதிலிருந்து அந்த ஏரியில் கிடந்தவர்! அவர் கண்ணுக்கே நான் தெரியவில்லை. மூன்றாம் முறையும் கூப்பிட்டார். இந்த முறை பெயர் சொல்லி. "மெய்கண்டான்!" அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அந்தக் குரலில் கிளுவைகள் எல்லாம் எழுந்துவிட்டன. எனக்குக் கோபம் வந்தது. விதியை மீறிவிட்டாரே என்று இன்னும் கொஞ்சம் படுத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கரையில் யாரும் இல்லை.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் சொன்னார், ஞானமுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று. ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் இரண்டு வாரமாகத் தெரியுமாம். வழியனுப்பு விழாவில் வடையும் காப்பியும் கொடுத்தார்களாம். எனக்கு மட்டும் தெரியாது. எனக்கு மட்டும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் என் குறை. ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக இதே குறைதான்.

இந்த நடத்துநர் ஏன் இப்படிக் கூவுகிறார்? காதில் விழுகிற சொல் ஒன்றாவது முழுச்சொல்லா? நிறுத்தமென்றால் நிறுத்தட்டும். நீங்கள் என் தோளைத் தொட வேண்டாம், தம்பி. இடம் போதும், நான் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறேன். யாரோ வெளியே யாரையோ கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். பொறுங்கள், கடிதத்தைச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள் கடிதம் வந்தது. எனக்கு மனப்பாடம். "அன்புள்ள புலவருக்கு. போட்ல சொல்லலாம்னு மூணு நாளு பாத்தேன் நீங்க விடல. கரைல வந்து கூப்ட்டேன் நீங்க இல்ல. இங்க பள்ளிகூடத்துல தமிழ் ஐயா போஸ்ட் ஒண்ணு காலி. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பக்கத்துல ஏரியும் இருக்கு. எனக்கு இங்க ஒர்த்தரையும் தெரியாது. உங்களுக்கும் அங்க யாரு இருக்கா. நீங்க வந்தா நல்லாருக்கும். பொங்கல் கழிச்சு ஒரு வாரத்துல பதில் போடுங்க. வராட்டி படகு உங்களுக்கு."

கடிதத்தைப் படித்தேன். ஒருவன் தன் நண்பனுக்கு இப்படியா எழுதுவது? அதுவும் தமிழாசிரியனுக்கு? அவர் தவறு செய்தால் சுட்டிக்காட்டும் உரிமை எனக்கு உண்டல்லவா? படகில் அவர் கட்டியதை அவிழ்த்துத்தானே கட்டினேன்? சிவப்பு மையை எடுத்தேன். இருபத்து மூன்று பிழைகள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் திருத்தம் எழுதினேன். அடியில், "திருத்தி எழுதி மீண்டும் அனுப்புக" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்றைய அஞ்சலிலேயே திருப்பி அனுப்பினேன்.

பதிலா? வருகிறேன் என்றா? வருவதாகத்தான் இருந்தேன். அதை எழுதத் தாளில் இடம் இல்லை, ஓரமெல்லாம் திருத்தம். எப்படியும் அவர் திருத்திய படியை அனுப்புவார், அதற்குப் பதிலாக எழுதலாம் என்று நினைத்தேன். எந்த மாணவனும் அப்படித்தானே செய்ய வேண்டும்? காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று. அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். மறுபடி எழுதுவார் என்று காத்திருந்தேன். மூன்று முறை எனக்கு மாற்றல் வந்தது. மூன்று முறையும் மறுத்தேன். கடிதம் வந்தால் அந்த முகவரிக்குத்தானே வரும்? பதவி உயர்வும் போயிற்று. போகட்டும். திருமணமா? பெண் பார்த்தார்கள். அவர்கள் ஊருக்கு வந்துவிடச் சொன்னார்கள். முகவரி மாறும்.

படகை ஒவ்வோர் ஆண்டும் வேய்ந்தேன். சட்டம் வந்தது, துப்பாக்கிகள் போயின, வேய்தல் நிற்கவில்லை. மார்கழியில் கோரை அறுத்து, சேறு பூசி, உள்ளே படுத்திருப்பேன். ஒருமுறை வனக்காவலர் ஒருவர் என் படகின்மேல் கால் வைத்துத் தடுக்கி விழுந்தார். எழுந்து, "துப்பாக்கி எங்கய்யா?" என்றார். துப்பாக்கி இல்லை என்றேன். "வலை?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்கு ஒளிஞ்சுகிட்டு இருக்க?" என்று கேட்டார். கேள்வியே பிழை என்றேன். பெரியவர்களிடம் பேசும் முறை அதுவன்று என்றும் சொன்னேன். அவர் போன பிறகு அன்று முழுவதும் நான் எழுந்திருக்கவில்லை. வாத்துகூட அன்று வரவில்லை.

போன வாரம் தொலைபேசி அடித்தது. என் வீட்டில் தொலைபேசி அடிப்பதே அரிது. "ஐயா, நெடுங்கழி புலவர் ஐயாங்களா? நான் ஞானமுத்து மாஸ்டர் பொண்ணு ஜெசிந்தா பேசறேங்க. பள்ளிக்கூடத்துல கேட்டு நம்பர் வாங்குனேன். அப்பாவுக்குப் பக்கவாதங்க. ஆறு மாசமாப் பேச்சு வரல. இடது கையால ஒரே படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டறாரு. தோணி மாதிரி. சுத்தி கோடு கோடா இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. பெட்டியைக் குடைஞ்சப்ப சிவப்பு மையில திருத்துன கடுதாசி ஒண்ணு கெடச்சுது, கீழ உங்க பேரு."

அந்தக் கோடுகள் கோரை, அம்மா, என்றேன்.

"அது மட்டும் இல்லைங்க ஐயா. அந்தக் கடுதாசியோட இன்னும் ஒம்பது, பத்து தாளு இருக்குங்க. எல்லாம் அப்பா எழுத்து. அதே கடுதாசியத் திரும்பத் திரும்ப எழுதிப் பாத்திருக்காரு. ஒவ்வொண்ணும் பாதியில நிக்குது. ஒரு தடவை அம்மா கேட்டதுக்கு, தப்பு வந்துரும்னு பயமா இருக்குன்னாராம். சீக்கிரம் வந்தா நல்லதுங்க ஐயா. டாக்டரு நாள் குறிக்காத குறையா சொல்லிட்டாரு."

பார்த்தீர்களா? திருத்தி எழுதியிருக்கிறார். நான் எதிர்பார்த்தது சரிதான். அனுப்பவில்லை என்பதைத் தவிர எல்லாம் சரி.

இன்று காலை ஐந்து மணிக்கு ஏரியில் இறங்கி அறுத்த கோரை இது. படகு நின்ற இடத்துக் கோரை. முனைகளில் சேறு பூசியிருக்கிறேன், பாருங்கள். அவருடைய கட்டிலின் சட்டத்தைச் சுற்றிக் கட்டப்போகிறேன். ஒன்று நிமிர, ஒன்று சாய. பழுத்ததன்மேல் பச்சையைச் செருகச் சொன்னாலும் செருகுவேன். இந்த ஒருமுறை அவர் சொன்னபடி. அவருக்குப் பேச்சு இல்லாதது ஒரு குறையன்று. படகுக்குள் நாங்கள் பேசியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான். அதற்குத்தான் போகிறேன். கூட்டுரோடு இன்னும் எவ்வளவு தூரம்?

என்ன?

எது போய்விட்டது?

எப்போது? நடத்துநர் கூவினாரே, அதுவா? கால் மணி நேரம் ஆயிற்றா? ஏன் தம்பி, சொல்லச் சொல்லி உங்களிடம் கேட்டுக்கொண்டேனே, ஒரு வார்த்தை...

ஆம். சன்னலைக் காட்டினீர்கள். தோளைத் தொட்டீர்கள். நான் பொறுங்கள் என்றேன்.

அந்தப் பெண் நின்றாளா? நீங்கள் பார்த்தீர்களா? மஞ்சள் குடையா? சன்னல் சன்னலாக எட்டிப் பார்த்தாளா? அப்படியானால் இந்தச் சன்னலையும் பார்த்திருப்பாளே. புல் இருக்கும் என்று சொல்லியிருந்தேனே. பார்த்தாளா? புல்லைத்தான் பார்த்தாள் என்கிறீர்கள். புல்லை மட்டும். நான் இதற்குப் பின்னால் இருந்தேன்.

கூப்பிட்டது அவளா?

என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம். என் காதிலும் விழுந்தது.

இந்தக் கட்டைக் கொஞ்சம் பிடியுங்கள். நுனி மடங்கினால் மடங்கட்டும், கீழே போடுங்கள். நடத்துநரை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே இறங்க வேண்டும், எந்த வண்டி பிடித்தால் திரும்பிப் போகலாம், அவள் இன்னும் நிற்பாளா, எல்லாவற்றையும் நீங்கள் சொல்லுங்கள், தம்பி. உங்களுக்குத் தெரிந்தபடி சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன். சொல்லுங்கள்.